பயாஸைப் புதுப்பித்த பின் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வந்தால்

வணக்கம். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலியுள்ள உங்கள் மேசைக்கணினியை விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற்றுவதற்காக, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்ததும், 'பூட் டிவைஸ் இல்லை' என்ற அறிவிப்போடு திரை நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். தயவுசெய்து அவசரப்பட்டு ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

பயாஸ் புதுப்பிப்பு பல தாய்ப்பலகைகளில் பழைய அமைப்புகளை அழித்துவிடும். அப்போது, பழைய முறையில் கணினியைத் தொடங்க உதவும் சிஎஸ்எம் என்ற அமைப்பு அணைந்துவிட்டால், எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட வட்டிலிருந்து விண்டோஸ் தொடங்காது. ஆகவே, கணினியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிப் பயாஸுக்குள் சென்று, சிஎஸ்எம்மை மீண்டும் இயக்கிச் சேமியுங்கள். அப்படியும் வராவிட்டால், வட்டோடு பலகை பேசும் விதத்தைக் குறிக்கும் சாட்டா பயன்முறை ஏஎச்சிஐ, ரெய்டு இரண்டுக்கும் இடையே மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் 10 திறந்ததும், முதலில் கோப்புகளை வெளி வட்டில் படியெடுங்கள். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதை இடைநிறுத்தி, 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எம்பிஆர் வட்டைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) கருவியை 'வேலிடேட்' (/validate) கட்டளையோடும், அது வெற்றி என்று சொன்ன பிறகே 'கன்வெர்ட்' (/convert) கட்டளையோடும் இயக்குங்கள். இரண்டிலும் 'அலவ்ஃபுல்ஓஎஸ்' (/allowFullOS) என்பதைச் சேர்க்க வேண்டும். சோதனை தோற்றால், வட்டில் மூன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பிரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் கணினியில், விற்றவர்கள் வைத்திருந்த மீட்புப் பிரிவே நான்காவதாக நின்று தடுத்தது.

மாற்றம் முடிந்த பின்னரே சிஎஸ்எம்மை அணைத்து, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டையும், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைத் தரும் இன்டெல் பிடிடியையும் (PTT) இயக்குங்கள். மின்னிணைப்பைத் துண்டித்து இயக்கும்போதெல்லாம் கடிகாரம் பின்னோக்கிப் போனால், பலகையிலுள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் இந்த அமைப்புகள் நிற்காமல் போகலாம்.