எதிலிருந்து ஒன்றரைப் பாகை?

இந்த மாதக் கேள்விகளைப் புவியின் வெப்பநிலை பற்றி அனுப்பும்படி கேட்டிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்வி. இளமையில் சில ஆண்டுகள் காலையும் மாலையும் வெப்பமானி பார்த்துப் பதிவேட்டில் எழுதியவன் நான். பிறகு உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். அந்த எல்லைக்குள் பதில் சொல்கிறேன். சோதிடமும் வளிச்சீராக்கி திருத்துவதும் எனக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஐயா, இந்தச் சித்திரையில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. புவி வெப்பமடைதல் என்பது இதுதானே?

இது சித்திரை, தம்பி. ஏப்ரல் 5 முதல் ஏறத்தாழ 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. காற்றும் அப்போது ஓய்ந்து கிடக்கும். உங்கள் பாட்டனாரும் இதே மாதத்தில் இதே பாட்டைத்தான் பாடியிருப்பார். அவர் பட்ட வெயிலுக்கும் நீங்கள் படும் வெயிலுக்கும் உள்ள சிறு வித்தியாசம்தான் புவி வெப்பமடைதல். அந்தச் சிறு வித்தியாசத்தை வியர்வையை வைத்து அளக்க முடியாது.

வெள்ளவத்தையிலிருந்து: 2024 ஆம் ஆண்டு 1.55 பாகை கூடியதாக உலக வளிமண்டலவியல் நிறுவனம் சொல்கிறது. நாசா 1.28 என்கிறது. ஒரே பூமி, ஒரே ஆண்டு. யார் பொய் சொல்கிறார்கள்?

ஒருவரும் இல்லை. நான் எல்லோரையும் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி இதற்குள்தான் இருக்கிறது: எதிலிருந்து?

உங்கள் மாடியின் உயரத்தைக் காலி வீதியிலிருந்து அளந்தால் ஓர் எண் வரும்; கடற்கரைத் தண்டவாளத்திலிருந்து அளந்தால் வேறோர் எண் வரும். மாடி அசையவில்லை. நாசா 1951 முதல் 1980 வரையான சராசரியைத் தரையாக வைத்து அளக்கிறது. உலக வளிமண்டலவியல் நிறுவனத்தின் தரை 1850 முதல் 1900 வரையான சராசரி. இரண்டுக்கும் இடையில் பூமி கொஞ்சம் சூடாகிவிட்டதால் நாசாவின் எண் சிறிதாகத் தெரிகிறது. சில செய்மதிக் கணக்குகள் 1991 முதல் 2020 வரையான சராசரியிலிருந்து அளப்பதால் அவை இன்னும் சிறிய எண்ணைக் காட்டும். "பார்த்தீர்களா, இவ்வளவுதான்" என்று அதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் தரையைச் சொல்வதில்லை.

இன்னொன்று. புவி வெப்பத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பரிஸ் உடன்படிக்கையின் 1.5 பாகை ஓர் ஆண்டின் எண் அல்ல, நீண்டகாலச் சராசரி. 2024 அந்தக் கோட்டைத் தாண்டியது; உடன்படிக்கையின் எல்லை அதனாலேயே உடைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

தெஹிவளையிலிருந்து, ஒரு பொறியியலாளர்: பழைய பதிவுகளை விஞ்ஞானிகள் திருத்துகிறார்கள் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். என் தொழிலில் அளவீட்டைத் திருத்தினால் வேலை போய்விடும். இவர்கள் திருத்தித் திருத்தியே பூமியைச் சூடாக்கிவிட்டார்கள் என்கிறேன்.

ஐயா, இது நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

பூமியின் பரப்பில் எழுபது சதவீதத்துக்கு மேல் கடல். பழைய கடல் வெப்பநிலையை அளந்தவர்கள் கப்பற்காரர்கள். எங்கள் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்ற வந்து நின்ற கப்பல்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாளியைக் கயிற்றில் இறக்கி நீர் அள்ளுவார், வெப்பமானியைப் போட்டு எண்ணை எழுதுவார். முதலில் மர வாளி, பிறகு கித்தான் வாளி. ஈரக் கித்தானில் காற்றுப் பட்டால் என்ன ஆகும்? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். வாளி மேலே வந்து சேர்வதற்குள் நீர் கொஞ்சம் குளிர்ந்துவிடும். ஆகவே பழைய எண்கள் உண்மையைவிடக் குறைவு.

பின்னர் இயந்திர அறைக்குள் இழுக்கும் குளிரூட்டு நீரை அளக்கத் தொடங்கினார்கள். அந்த அறை வெக்கையானது. எண் சற்றுக் கூடிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல்களின் இந்த முறையே பதிவுகளில் மேலோங்கியது. போர் முடிந்ததும் பிரித்தானியக் கப்பல்களின் வாளிகள் மறுபடி கூடின. 1945 இல் உலகக் கடல் ஒரேயடியாகக் குளிர்ந்ததுபோல் பதிவுகள் காட்டியதற்கு இதுவே காரணம் என்று 2008 இல் கண்டுபிடித்தார்கள்.

இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். பழைய வாளி எண்கள் குறைவு என்றால் திருத்தம் அவற்றை உயர்த்த வேண்டும். பழையது உயர்ந்தால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள இடைவெளி குறையும். நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்த்தால், திருத்தங்களுக்குப் பிறகு பூமியின் மொத்த வெப்பமடைதல் குறைந்திருக்கிறது. திருத்தாத எண்களையே வைத்துக்கொள்வோம் என்றால் உங்கள் கட்சிதான் தோற்கும்.

மட்டக்குளியிலிருந்து: காபனீரொட்சைட்டு வளியில் 0.04 சதவீதம்தானே? அவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும்?

மீதி 99 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நைதரசனும் ஒட்சிசனும் ஆகனும் பூமி வெளிவிடும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை. நைதரசனும் ஒட்சிசனும் தடுப்பதில்லை, காபனீரொட்சைட்டு தடுக்கிறது என்பது பௌதிகவியலாளர் ஜோன் ரின்டால் 1859 இல் ஆய்வுகூடத்தில் பார்த்த விடயம். அளவு சிறிதென்று சொல்பவர் இரண்டு மில்லிகிராம் மருந்துக் குளிசையையும் அப்படித்தான் பார்ப்பாரா? கைத்தொழில் யுகத்துக்கு முன் வளியின் பத்து இலட்சம் பங்கில் 280 ஆக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது.

மருதானையிலிருந்து: இரவிலும் வேகிறது. இதற்குக் காரணம் புவி வெப்பமடைதலா?

சித்திரை. முதல் பதிலைப் பாருங்கள்.

தெஹிவளைப் பொறியியலாளர், மறுபடி: கடலைக் காட்டி நிலத்தை மறைக்கிறீர்கள். அமெரிக்க நிலையங்களில் திருத்தத்துக்குப் பிறகு வெப்பமடைதல் கூடியதா, இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.

ஆம். கூடியது. காரணத்தையும் கேட்டுவிட்டுப் போங்கள். இது நான் கையால் செய்த வேலை.

உச்ச வெப்பமானியில் ஒரு குறி இருக்கும். அன்றைய உச்சத்தில் அது நின்றுவிடும். பார்த்து எழுதிய பிறகு நாம் அதை மீளமைக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மீளமைக்கிறீர்கள் என்று வையுங்கள். இன்று கொடும் வெயில். ஐந்து மணிக்கும் 33 பாகை. மீளமைத்ததும் குறி 33 இல்தான் தொடங்கும். நாளை மழை பெய்து உச்சம் 28 ஆக இருந்தாலும் குறி 33 ஐயே காட்டும். ஒரு வெயில் நாள் இரண்டு நாளாகப் பதிவாகிவிடும். காலையில் மீளமைத்தால் இதே தவறு இழிவு வெப்பமானியில் வரும். குளிர்ந்த காலை இரட்டிக்கும். அமெரிக்காவில் தொண்டர்கள் முன்பு மாலையில் பார்த்தார்கள், பின்னாளில் படிப்படியாகக் காலைக்கு மாறினார்கள். அந்த மாற்றமே பதிவில் ஒரு பொய்க் குளிர்ச்சியைக் கொண்டுவந்தது. திருத்தம் அதை நீக்குகிறது, வெப்பமடைதல் கூடுகிறது. இதில் எங்கே சதி?

சோதிக்கவும் வழி இருக்கிறது. 2000 களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்கர்கள் நகரங்களை விட்டு விலகி, திருத்தமே தேவைப்படாத தரமான நிலையங்களை அமைத்தார்கள். அவற்றின் போக்கும் திருத்திய பழைய நிலையங்களின் போக்கும் ஒத்துப்போகின்றன.

நுகேகொடையிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்காய்வாளர்: நீங்கள் இருவரும் சண்டை பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தம் கணக்கைத் தாமே சரிபார்ப்பவரை எங்கள் தொழிலில் நம்புவதில்லை. வெளியாள் யாராவது பார்த்தாரா?

அம்மா, நான் எதிர்பார்த்திருந்த ஆள் நீங்கள். பார்த்தார்கள். கலிபோர்னியாவின் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் முல்லர் இந்தக் கணக்குகளைச் சந்தேகித்தவர், வெளிப்படையாகவே சொன்னவர். பெர்க்லி ஏர்த் என்ற குழுவை அமைத்து, மற்றவர்கள் பயன்படுத்தியதைவிடப் பல மடங்கு நிலையங்களை எடுத்து, வேறு முறையில் முதலிலிருந்து கணக்கிட்டார். நிலக்கரியிலும் எண்ணெயிலும் பணம் பார்த்த ஒரு குடும்பத்தின் அறக்கட்டளையும் அதற்கு நிதி கொடுத்தது. கிராமப்புற நிலையங்களைத் தனியாகவும் பார்த்தார்கள், நகரச் சூடு ஏமாற்றுகிறதா என்று. விடை மாறவில்லை. 2012 இல் முல்லர் தாம் மனம் மாறியதாக எழுதினார். அவர் மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சூறாவளி பற்றிய மிகைப்பேச்சுகளை அவர் தொடர்ந்து கண்டித்தார்.

மறுபக்கத்தையும் கேளுங்கள். அலபாமாப் பல்கலைக்கழகத்தின் ஜோன் கிறிஸ்டியும் ரோய் ஸ்பென்சரும் செய்மதி எண்களை வைத்துப் பூமி அவ்வளவு சூடாகவில்லை என்று 1990 களில் காட்டினார்கள். பலர் அதையே கொடியாகப் பிடித்தார்கள். செய்மதி மெல்ல மெல்லத் தாழ இறங்குவதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று 1998 இல் வேறொரு குழு காட்டியது. 2005 இல் இன்னொரு தவறு வெளிவந்தது. இரண்டையும் அவர்கள் திருத்தினார்கள், போக்கு உயர்ந்தது. திருத்தம் என்றாலே மோசடி என்பவர்கள் இந்தத் திருத்தங்களை மட்டும் பேசுவதில்லை.

கிராண்ட்பாஸிலிருந்து: சூரியன் சூடாகிறது என்று கேள்விப்பட்டேன்.

1978 முதல் செய்மதிகள் சூரியனை அளக்கின்றன. பதினோராண்டு ஏற்ற இறக்கம் தவிர, கூடும் போக்கு இல்லை. தவிர, சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாக, மேலடுக்கான படைமண்டலம் குளிர்கிறது. காபனீரொட்சைட்டு கூடினால் அப்படித்தான் நடக்கும் என்று காலநிலை விஞ்ஞானிகளான மனாபேயும் வெதரால்டும் 1967 இலேயே கணக்கிட்டுவிட்டார்கள். மனாபேக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது.

புறக்கோட்டையிலிருந்து: 1970 களில் பனியுகம் வருகிறது என்றார்களே?

பத்திரிகைகள் சொன்னன. 1965 முதல் 1979 வரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பிற்காலத்தில் எண்ணிப் பார்த்தார்கள்: குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44.

பம்பலப்பிட்டியிலிருந்து: 2 பாகை கூடினால் கொழும்பு மூழ்கிவிடுமா?

எதிலிருந்து 2 பாகை?

வத்தளையிலிருந்து, உயர்தர மாணவி: ஐயா, எல்லாம் முடிந்த முடிவு என்றால் விஞ்ஞானிகள் இன்னும் எதைப் பற்றி விவாதிக்கிறார்கள்?

வா மகளே, இந்தக் குவியலில் எனக்குப் பிடித்த கேள்வி உன்னுடையது.

சூடாகிறதா, காரணம் நாமா என்பதில் விவாதம் இல்லை. எவ்வளவு என்பதில் இருக்கிறது. காபனீரொட்சைட்டு இரட்டித்தால் இறுதியில் பூமி எத்தனை பாகை சூடாகும்? 1979 இல் அமெரிக்க வானிலை அறிஞர் ஜூல் சார்னி தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 என்றது. நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2021 இல் ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கை 2.5 முதல் 4 என்றது. நடு மதிப்பு 3. நாற்பது ஆண்டில் இவ்வளவுதானா என்று சிரிக்காதே. பெரிய முட்டுக்கட்டை முகில். தாழ்ந்த முகில் வெயிலைத் திருப்பி அனுப்பும். உயர்ந்த மெல்லிய முகில் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பூமி சூடானால் எது கூடும், எது குறையும் என்பதில்தான் கணினி மாதிரிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

இன்றைய சூடான சண்டை ஒன்றைச் சொல்கிறேன். காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் அடிவானத்தில் கப்பல்கள் தெரியுமே, அவற்றின் எரிபொருளில் இருந்த கந்தகம் வெயிலைத் தெறிக்கவைக்கும் துகள்களாகி முகில்களையும் வெண்மையாக்கிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரி முதல் கந்தகத்தின் அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்; துறைமுகத்தை அண்டி வாழ்பவர்களின் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் நமக்குத் தெரியாமலே பிடித்திருந்த குடையில் ஒரு பகுதி மடங்கிவிட்டது. 2023 இல் வெப்பநிலை திடீரென்று ஏறியதில் இதன் பங்கு எவ்வளவு? அமெரிக்கக் காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் மிகப் பெரிது என்கிறார். வேறு பலர் சிறிது என்கிறார்கள், பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவையும் கணக்கில் சேர்க்கிறார்கள். எனக்கு ஹான்சன் எண்ணைச் சற்றுக் கூட்டுகிறார் என்றே படுகிறது. ஆனால் 1988 இல் பூமி சூடாகிவிட்டது என்று அமெரிக்க செனட் சபையில் அவர் சொன்னபோதும் அவரை அப்படித்தான் சொன்னார்கள்.

தெமட்டகொடையிலிருந்து: எங்கள் ஆள் யாராவது இதில் இருந்தார்களா?

மொகான் முனசிங்க. அந்த ஐ.நா. குழுவுக்கு 2007 இல் சமாதான நோபல் பரிசு கிடைத்தபோது அவர் அதன் உப தலைவர்.

கிருலப்பனையிலிருந்து: சித்திரை முடிந்தும் வெக்கை...

ஈரப்பதன். இந்த வகைக் கேள்விகளுக்கு இனிப் பதில் இல்லை. இதுவே மூன்றாவது.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: எந்த வளிச்சீராக்கி மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும்?

கடைக்காரரைக் கேளுங்கள்.

தெஹிவளைப் பொறியியலாளர், மூன்றாம் முறை: வாளிக் கதையை ஏற்கிறேன். மாலை ஐந்து மணிக் கதையையும் ஏற்கிறேன். ஆனால் கொழும்பு பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் நிலையத்தைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டது. அந்த எண்ணை மட்டும் நான் நம்பமாட்டேன்.

நம்ப வேண்டாம். தனி ஒரு நிலையத்தை நானும் நம்புவதில்லை. கொழும்பு ஏறியதில் ஒரு பங்கு தார், கொங்கிறீட், வெட்டிய மரங்கள். அதனால்தான் கடலையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன்; நடுக்கடலில் தொடர்மாடி கட்ட இன்னும் யாரும் புறப்படவில்லை. இதில் நாம் ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன், ஐயா. அடுத்த மாதம் வேறு சண்டைக்கு வாருங்கள்.

கல்கிசையிலிருந்து: வீட்டு பல்கனியில் வெப்பமானி மாட்டியிருக்கிறேன். 41 காட்டுகிறது. வானொலி 32 என்கிறது. யாரை நம்புவது?

வெயில் படுகிற சுவரில் மாட்டியிருக்கிறீர்கள், இல்லையா? அது காற்றை அளக்கவில்லை, சுவரை அளக்கிறது. நிலையங்களில் வெள்ளை பூசிய, காற்று ஊடுருவும் பலகைப் பெட்டிக்குள் தரையிலிருந்து ஒன்றேகால் மீற்றருக்கு மேல் வைப்பார்கள். நீங்கள் நாள் முழுதும் நிழல் இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள், சுவரைத் தொடாமல் தொங்கவிடுங்கள், கடற்காற்று படட்டும். சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். மத்தியானம் குழம்பு கொதிக்கும் நேரத்தில் உங்கள் வீட்டில் தனிக் காலநிலை வந்துவிடும்.