ருபோண்டோ தீவு தேசியப் பூங்கா: கேள்வி பதில்

கேள்வி: தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா வரை செல்லும் நாங்கள், அதே நாட்டில் விக்டோரியா ஏரியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ருபோண்டோவுக்கும் போவது பயன் தருமா?

பதில்: சிங்கமும் சிறுத்தையும் வேண்டுமென்றால் வேண்டாம், அவை இங்கே இல்லை. நாணற்புதர்ச் சேற்றில் அகன்ற குளம்புகளை ஊன்றி நடக்கும் சிட்டாடுங்கா மான், நீர்நாய், முதலை, நீர்யானை, மீன்பிடிக் கழுகு ஆகியவற்றை நெரிசலின்றிக் காண விரும்பினால் தாராளமாகப் போகலாம். 1977-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இத்தீவின் பெரும்பகுதி அடர்ந்த காடு.

கேள்வி: அங்குள்ள சிம்பன்சிகள் தீவுக்கே உரியவையா, ஐயா?

பதில்: இல்லை. 1966 முதல் 1969 வரை, ஃபிராங்ஃபர்ட் விலங்கியல் சங்கத்தைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் க்ர்ஷிமெக்கின் முயற்சியால், ஐரோப்பிய விலங்குக் காட்சியகங்களிலும் சர்க்கஸ்களிலும் வாழ்ந்த 17 சிம்பன்சிகள் இங்கே கொண்டுவந்து விடப்பட்டன. பல ஆண்டுகள் கூண்டில் கிடந்தவை, முன்பயிற்சி ஏதுமின்றியே இரை தேடவும், கிளைகளை வளைத்து மடக்கி, இலை பரப்பி, இரவு உறங்கக் கூடு அமைக்கவும் பழகிக்கொண்டன. யானையும் ஒட்டகச்சிவிங்கியும்கூட வெளியிலிருந்து வந்தவையே. கொண்டுவந்த எல்லாமே நிலைத்துவிடவில்லை. காண்டாமிருகங்கள் வேட்டைக்காரர்களுக்குப் பலியாயின. ஆகவே இதைக் கைபடாத காடு என்று விளம்பரப்படுத்துவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஒரே நாளில் சிம்பன்சியைப் பார்த்துவிட முடியுமா?

பதில்: உறுதி கூற முடியாது. வழிகாட்டியுடன் நடந்து தேட வேண்டும்; சில நாட்களில் மரத்தின் மேல் பழைய கூடு மட்டுமே கண்ணில் படும். இரண்டு இரவாவது தங்குங்கள். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் போகவே கூடாது, ஏனெனில் நம் தொற்று அவற்றுக்கு எளிதில் பரவும்.

கேள்வி: எப்படிச் செல்வது? எந்த மாதம் நல்லது?

பதில்: ஏரிக்கரை நகரமான முவான்சாவிலிருந்து சிறு விமானத்திலோ, கரையோர ஊர்களிலிருந்து படகிலோ செல்லலாம். நடப்பதற்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட காலமே ஏற்றது.

கேள்வி: உடை விஷயத்தில் கட்டுப்பாடு உண்டா? ஏரியில் குளிக்கலாமா?

பதில்: கருப்பும் கருநீலமும் வேண்டாம். சட்டையின் மேலாகவே கடிக்கும் செட்சி ஈயை அந்த நிறங்கள் ஈர்க்கின்றன. அதைப் பிடிக்க மருந்து தோய்த்துக் கட்டப்படும் துணிகளும் அதே நிறத்தில்தான் இருக்கும். குளியலை அறையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் முதலைகள் உள்ளன, நத்தை வழியே பரவும் பில்ஹார்சியா நோயும் உள்ளது.