அப்பாவுக்கு யார் வாசித்துக் காட்டுவது?

கேள்வி: என் தந்தை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் வேதம் வாசித்தவர். அம்மா காலமான பிறகு, "இது மனிதர்கள் எழுதிய புத்தகம்தானே" என்று சொல்லத் தொடங்கினார். இப்போது வேதத்தைத் தொடுவதே இல்லை. வேதாகமம் தேவ ஆவியால் அருளப்பட்டது என்பதற்கான ஆதாரங்களை, அதாவது நிறைவேறிய தீர்க்கதரிசனங்கள், சவக்கடல் சுருள்கள், அகழாய்வுச் சான்றுகள், பல நூற்றாண்டுகளில் பலர் எழுதியும் குலையாத ஒருமை ஆகியவற்றை, முப்பது பக்கங்களில் தொகுத்து அவருக்கு அனுப்பினேன். கண்பார்வை மங்கிவிட்டதால் அவரால் அதை வாசிக்க முடியவில்லை என்று, உடனிருந்து அவரைக் கவனித்துக்கொள்ளும் என் தங்கை சொல்கிறாள். தொலைபேசியில் நான் விளக்கத் தொடங்கினால் அப்பா பேச்சை முடித்துக்கொள்கிறார். மறுக்கவே முடியாத ஒரே ஆதாரமாக எதை அவர் முன் வைக்கலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் இங்கே அச்சிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் தீர்க்கதரிசனங்களுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அப்பாவின் கண்களுக்கு ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்திலும், உங்கள் தொகுப்பு வாசிக்கப்படாமல் கிடக்கிறதே என்கிற வருத்தம்தான் தெரிகிறது. பெற்ற தகப்பனுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறதே என்ற பதைப்பு தெரியவில்லை. தகப்பன் விசுவாசத்தை இழந்துவிட்டார் என்று பிள்ளைகள் எழுதும் கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் தகப்பனைப் பற்றிய உண்மையான செய்தி இப்படித்தான் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.

வேதத்தைத் தொடுவதே இல்லை என்று குறைப்படுகிறீர்கள். எழுத்து தெரியாத கண்களை வைத்துக்கொண்டு அவர் அதைத் தொட்டு என்ன செய்வார்? அவர் வாசிப்பதை நிறுத்தியது ஐயத்தினாலா, பார்வை மங்கியதாலா, இரண்டில் எது முதலில் வந்தது என்று நீங்கள் விசாரித்ததற்கான அடையாளமே கடிதத்தில் இல்லை. உங்கள் தங்கைக்கு அது தெரிந்திருக்கும். அவளிடம் கேட்கவும் உங்களுக்குத் தோன்றவில்லை.

கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த ஆதாரங்களையும் நீங்கள் நேர்மையாகக் கையாளவில்லை. 1947இல் சவக்கடலுக்கு அருகே கும்ரான் குகையில் கிடைத்த, ஏசாயா தீர்க்கதரிசியின் நூல் அடங்கிய பெரிய சுருள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதுவரை நம்மிடம் இருந்த முழுமையான எபிரெயப் பிரதிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பழையது. இரண்டையும் ஒப்பிட்டபோது காணப்பட்ட வேறுபாடுகளில் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டலிலும் சிறு சொற்களிலுமே இருந்தன. வியக்கத்தக்க செய்திதான். ஆனால் அது நிறுவுவது, படியெடுத்தவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதை மட்டுமே. கவனமாகப் படியெடுக்கப்பட்டதனால் ஒரு நூல் தேவ வாக்காகிவிடாது. 1961இல் செசரியாவில் கிடைத்த, இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லும், 1993இல் தேல் தாணில் கிடைத்த 'தாவீதின் வீடு' என்ற கல்வெட்டும் அப்படித்தான். அந்த மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று அவை சாட்சி சொல்கின்றன. தேவன் பேசினார் என்று சாட்சி சொல்ல அவற்றால் ஆகாது.

தீர்க்கதரிசனங்களுக்கு வருவோம். பாரசீக மன்னன் கோரேசின் பெயரை ஏசாயாவின் 44, 45ஆம் அதிகாரங்கள் சொல்வதையும், அவன் கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அதிகாரங்கள் யூதர்கள் பாபிலோனில் சிறைப்பட்டிருந்த காலத்தில், அதாவது கோரேசின் காலத்தை ஒட்டித்தான் எழுதப்பட்டன என்று ஆய்வாளர்களில் பெரும்பகுதியினர் கருதுகிறார்கள் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அந்தக் கருத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும்.

அதைவிட எனக்கு உறுத்துவது தீரு என்ற பழங்காலத் துறைமுக நகரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது. எசேக்கியேல் 26ஆம் அதிகாரம் அந்த நகரத்தின் கல்லும் மரமும் மண்ணும் தண்ணீரில் போடப்படும் என்கிறது, கி.மு. 332இல் அலெக்சாண்டர் கரையிலிருந்த பழைய நகரத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை அமைத்துத் தீவு நகரத்தைப் பிடித்தான். இதை உற்சாகமாக விவரித்திருக்கிறீர்கள். ஆனால் அதே அதிகாரம் தீருவின் மேல் வருபவனாகப் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; அவனோ நீண்ட காலம் முற்றுகையிட்டும் எதிர்பார்த்த கொள்ளையைப் பெறவில்லை. இதைச் சொல்வது வேதத்தின் எதிரிகள் யாரும் அல்லர். அவனுக்கும் அவன் சேனைக்கும் தீருவினால் கூலி கிடைக்கவில்லை என்று எசேக்கியேலே 29ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். தம் பேரில் வெளியான வாக்குக்கு நெருடலாகத் தோன்றக்கூடிய செய்தியை அழிக்காமல் அடுத்த சில அதிகாரங்களுக்குள்ளேயே ஒரு தீர்க்கதரிசி விட்டுவைத்திருப்பதைத்தான், அலெக்சாண்டரின் கடற்பாதையைவிடப் பெரிய சாட்சியாக நான் மதிக்கிறேன். அவர் மறைக்காததை நீங்கள் மறைத்திருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளாக வேதம் வாசித்த மனிதருக்கு அந்த அதிகாரம் தெரியாமலா இருக்கும்?

ஒருமையைப் பற்றிய உங்கள் பக்கங்களில் குறை சொல்ல அதிகம் இல்லை. அவற்றால் ஐயமுற்றவர் எவரும் அசைந்து கொடுக்கவும் மாட்டார்.

மறுக்கவே முடியாத ஒரே ஆதாரம் வேண்டும் என்கிறீர்கள். வேதம் தேவ ஆவியால் அருளப்பட்டது என்ற இந்த உபதேசத்தை வகுத்துத் தந்த பெரியவர்களே அப்படி ஒன்றைத் தங்களிடம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 1646இல் இங்கிலாந்தில் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, வேதத்தின் பொருளிலுள்ள மேன்மை, நடையின் மாட்சிமை, எல்லாப் பகுதிகளுக்கும் இடையிலான இசைவு என்று நீங்கள் அடுக்கியதைப் போலவே அடுக்கிவிட்டு, ஆயினும் அது தேவ வாக்கு என்கிற முழு நிச்சயம் பரிசுத்த ஆவியானவர் நம் இருதயத்தில் செய்யும் கிரியையினாலேயே உண்டாகிறது என்று முடிக்கிறது. அதற்கு முந்திய நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தவாதி கால்வின் சொன்னதும் அதுவே. தொலைபேசி வழியாக வாதாடி ஆவியானவரின் வேலையை நீங்கள் செய்து முடித்துவிட முடியும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் தொகுப்பின் பெருங்குறை அதுதான்.

உங்கள் முதல் பக்கத்தின் உச்சியில் 2 தீமோத்தேயு 3:16ஐ எழுதியிருக்கிறீர்கள். வேதவாக்கியங்கள் தேவ ஆவியால் அருளப்பட்டவை என்ற கையோடு, அவை கடிந்துகொள்ளுதலுக்கும் சீர்திருத்தலுக்கும் உதவுகின்றன என்றும் அதே வசனம் சொல்கிறது. அந்தக் கடிந்துகொள்ளுதல் அப்பாவுக்கு மட்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. மாற்கு 7ஆம் அதிகாரத்தில், தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பி, அந்த முப்பது பக்கங்கள்தாம் உங்கள் கொர்பான். அவற்றைத் தொகுக்கச் செலவிட்ட மாலைகளில் அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கலாம். போக முடியாத தொலைவு என்றால் தங்கையை அழைத்துப் போகச் சொல்லிச் செலவையாவது ஏற்றிருக்கலாம். கண்புரை என்றால் அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையை மீட்கலாம். கண் அழுத்த நோய் என்றால் போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதைத்தான் காக்க முடியும். அதில் ஒவ்வொரு தாமதமும் இழப்பு. உங்கள் அப்பாவுக்கு இருப்பது எது என்று கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. வயதாகிவிட்டால் அப்படித்தான் என்று இருந்துவிட்டீர்கள்போலும்.

முதல் நூற்றாண்டு விசுவாசிகளில் பெரும்பாலோர் வேதத்தைக் காதால் கேட்டவர்களே. தம் நிருபத்தைச் சகோதரர் அனைவருக்கும் வாசிக்க வேண்டும் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் ஆணையிட்டுச் சொல்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் தன் தொடக்கத்திலேயே வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் பாக்கியவான்கள் என்கிறது. ஆகையால் உங்கள் அப்பாவை வேதத்திலிருந்து பிரித்து வைத்திருப்பது அவருடைய கண்கள் மட்டுமல்ல, வாசித்துக் காட்ட ஓர் ஆள் இல்லாததும்தான். வாதாடப் பயன்படுத்திய அதே தொலைபேசியில் தினமும் ஓர் அதிகாரம் வாசியுங்கள். விளக்கம் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். மனைவியை இழந்தவருக்கு முதலில் 88ஆம் சங்கீதத்தை வாசிக்கலாம். தேவனிடம் முறையிட்டு, ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. வேதம் அதைத் தனக்குள் வைத்திருக்கிறது என்பதைத் துக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டும். மனிதர்கள் எழுதியதுதானே என்று அவர் மறுபடி சொன்னால், ஆம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். தாம் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து எழுதியதாக லூக்கா சொல்கிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரும்படி பவுல் கேட்கிறார். மனிதக் கைகளின் வழியாகத் தேவன் பேசினார் என்பதுதான் திருச்சபையின் உபதேசம். அப்பா சொன்னதில் பாதி அதிலேயே அடங்கிவிட்டது.

இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மாதத்தில் சில நாட்கள் நீங்கள் போய்த் தங்கித் தங்கையை வீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள். கடிதத்தில் அவள் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. அதன் பிறகும் அந்தத் தொகுப்பை அப்பாவுக்கு வாசித்துக் காட்ட விருப்பமிருந்தால், தீருவைப் பற்றிய பக்கத்தை எசேக்கியேல் 29ஐயும் சேர்த்துத் திருத்தி எழுதிக்கொண்டு போங்கள்.