போஸ்ட்டாக் சம்பளம் யார் தருவது?

அன்புள்ள ஐயா,

திருவாரூர் மாவட்டத்தில் கடைமடைக் கிராமம் எங்களுடையது. நெல்வயல் மண்ணில் உப்பு ஏறுவது பற்றி ஆய்வு செய்து பிஎச்.டி. வாங்கினேன். ஜெர்மனி, நெதர்லாந்து, ஜப்பான் என்று போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலை, கேட்டு நூற்றுக்கு மேல் மெயில் போட்டாயிற்று. பெரும்பாலும் பதிலே இல்லை. வந்த ஒன்றிரண்டும் 'இப்போது நிதி இல்லை' என்கின்றன. அப்பா "இன்னும் எத்தனை வருஷம் படிப்பு?" என்கிறார். நான் அனுப்பும் மெயிலை இணைத்திருக்கிறேன். எங்கே பிசகுகிறது?

க.

அன்புள்ள க.,

'நிதி இல்லை' என்பது சாக்குப்போக்கு அல்ல. விஷயமே அதில்தான் இருக்கிறது. பேராசிரியர் ஒரு திட்டத்துக்கு நிதி வாங்கியிருந்தால் ஆள் தேவை என்று விளம்பரம் வரும். யூராக்ஸஸ், நேச்சர் கேரியர்ஸ் என்ற ஆய்வு வேலைவாய்ப்புத் தளங்களை வாரம் ஒருமுறை பாருங்கள், போதும். நிதி இல்லாதவரிடம் வேலை கேட்டால் அவர் என்ன செய்வார்? அவரிடமே, "ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு உங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாமா?" என்று கேளுங்கள், பேச்சு வேறாகிவிடும். அதன் கெடு வழக்கமாகச் செப்டம்பரில் வரும். அதனால் பங்குனி, சித்திரையிலேயே எழுதிவிட வேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்புக்கும் அங்குள்ள ஒருவரின் சம்மதம் வேண்டும். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஃபெல்லோஷிப் என்றால் அங்குள்ள பேராசிரியர்தான் உங்களுக்காக விண்ணப்பிப்பார். இந்தியாவிலேயே இருப்பதானால் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இருக்கிறது, 2 ஆண்டு. முன்பு செர்ப் என்ற மத்திய அரசு அமைப்பு கொடுத்தது, இப்போது அதன் இடத்தில் வந்த ஏ.என்.ஆர்.எஃப். வசம்.

சரி, உங்கள் மெயிலுக்கு வருகிறேன். படித்தபோது மனசு சங்கடப்பட்டது. 'தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில்' என்று தொடங்குகிறது, கடின உழைப்பாளி என்கிறது, எட்டுப் பக்க பயோடேட்டா. உங்கள் வயல் அதில் எங்கேயும் இல்லை. மேட்டூர் தண்ணீர் கடைமடை வரை வராத வருஷத்தில் உப்பு எப்படி மேலே வருகிறது என்று மண்ணெடுத்து, ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) அளந்து பார்த்தவர் நீங்கள். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 2016லும் 2020லும் கடல்நீர் உள்ளே ஏறி நெல் கருகியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட், வாகனிங்கன் பல்கலைக்கழகங்களில் அந்த டெல்டாவை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய அண்மைக் கட்டுரையை முழுதாகப் படியுங்கள். எந்த வரைபடத்தைப் பார்த்ததும் உங்கள் ஊர் அளவீடு ஞாபகம் வந்தது, இரண்டையும் ஒப்பிட்டால் என்ன தெரியவரும், இதை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். கூடவே ஒரு பக்கத்தில் ஆய்வுத் திட்டம். மாதத்துக்கு இப்படி நாலு மெயில் போனாலே நிறைய.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கெடுவுக்கு முதல் நாள் போய் நின்றால் வரும் கடிதம் உதவாது. இதையெல்லாம் உங்கள் கைடு சொல்லித் தந்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்பாவிடம் இது படிப்பு இல்லை, சம்பளத்தோடு ஒப்பந்த வேலை என்று சொல்லுங்கள். ஓரிரு ஆண்டுக்குத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம்.

புது மெயிலை எழுதியதும், அவர்களுக்குப் போகுமுன் எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.