துருக்கியின் தாஷ்கோப்ரு ஊர் பூண்டுக்குப் பெயர் பெற்றது எப்படி?

தாஷ்கோப்ரு, வடக்குத் துருக்கியின் கஸ்தமோனு மாகாணத்தில் கோக்கிர்மாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் சிறிய ஊர். அங்கே விளையும் பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதாவது, அந்த வட்டாரத்தில் விளைந்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம்.

ஊர் பழசு. ரோமானியத் தளபதி பாம்பே கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் நிறுவிய பாம்பியோபோலிஸ் நகரத்தின் இடிபாடுகள் பக்கத்திலேயே கிடக்கின்றன. ஒரு காலத்தில் இங்கே நாருக்காக வளர்க்கும் கஞ்சா வகைச் செடியான ஹெம்ப்பும் பெரிய பயிர். அதை நம்பிக் காகித ஆலைகூட வந்தது. ஹெம்ப் போன பிறகு பூண்டுதான் கைகொடுத்தது.

சரி, அந்தப் பூண்டில் என்ன விசேஷம்? பூண்டை விதை போட்டு வளர்ப்பதில்லை, பல்லைத்தான் ஊன்றுகிறார்கள். அதனால் வருடா வருடம் வருவது ஏறக்குறைய அதே செடி. காரத்தையும் மணத்தையும் மாற்றுவது மண்ணும் குளிரும் தண்ணீரும். ஒரே பாலை வாங்கி உறை ஊற்றினாலும் வீட்டுக்கு வீடு தயிர் வேறாக இருக்கிறதே, அப்படி. இந்தப் பூண்டில் ஈரப்பதம் குறைவு, அதனால் பல மாதம் கெடாமல் நிற்கும். கோடையில் பிடுங்கி, மண்ணை உதறி, காயவைத்து, தாளைச் சடை மாதிரி பின்னித் தொங்கவிடுவார்கள். பார்க்கவே அழகு.

பலர் நினைப்பதற்கு மாறாக, அங்கிருந்து விதைப்பூண்டு வாங்கி வேறு ஊரில் நட்டால் விளைவது தாஷ்கோப்ரு பூண்டு ஆகாது.