வாய் திறந்து வாங்குங்கள், தங்கச்சி

"கல்யாணம் கட்டி சுவிஸில் பேர்ணுக்கு வந்து மூன்று மாதமாகிறது அக்கா. கடைக்குப் போனால் ஒவ்வொரு விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிறேன். பாஷை தெரியாததால் ஆளில்லாத மெஷினில்தான் காசு கட்டுகிறேன். நீங்கள் எத்தனையோ நாடுகளுக்குப் போய்ச் சாமான் வாங்கியிருக்கிறீர்கள். உங்களுக்கும் இந்தப் பயம் இருந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி வந்து சேர்ந்தபோது நான் யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில், அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நல்லூர்த் திருவிழாவுக்காக லீவில் வந்திருக்கிறேன். கையைக் கழுவிவிட்டு உடனேயே எழுதத் தொடங்கினேன்.

இருந்தது, தங்கச்சி. உங்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. ரூபாய்க் கணக்கைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஒவ்வொரு பிராங்கையும் ரூபாயாகப் பெருக்கிக்கொண்டு ஒருவராலும் பேர்ணில் சோறு சமைக்க முடியாது. வீட்டுக்கு இரண்டு சம்பளம் வந்து போனதும் அது தானாக நின்றுவிடும். என் மனதை உறுத்துவது நீங்கள் எழுதிய மற்ற வரி, அந்த ஆளில்லாத மெஷின். அந்த மெஷின்கள் வருவதற்கு முன்பே நான் மூன்று வருடம் வாய் திறக்காமல் சாமான் வாங்கியவள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1993இல் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளமேறிக் கடந்து வெளியே வந்தேன். யாழ்ப்பாணத்தில் அப்போது பொருளாதாரத் தடை. சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அம்மா ஒரு சவர்க்காரக் கட்டியை நூலால் நான்காக அறுத்து, ஒரு துண்டை மட்டும் கிணற்றடியில் வைத்துவிட்டு மிச்சத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். அடுத்த மாசியில் பேர்ணில் ஒரு பெரிய கடைக்குள் என் கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சவர்க்காரம். ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். வைத்தேன். இன்னொன்றை எடுத்தேன். "எது வேண்டும்?" என்று அவர் மூன்று தரம் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்று ஒன்றுமே வாங்காமல் வீட்டுக்கு வந்து அழுதேன். வெறுங்கையோடு திரும்புவது என்னவென்று எனக்குத் தெரியும்.

பிறகுதான் சந்தையைக் கண்டுபிடித்தேன். பாராளுமன்றத்துக்கு முன்னால் இருக்கும் திடலில் செவ்வாயும் சனியும் காலையில் மரக்கறிச் சந்தை கூடும். உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரமோ தெரியாது, ஆனால் அவசியம் போய்ப் பாருங்கள். தட்டு நிறையப் போஞ்சி குவித்திருந்தார்கள். எங்கள் கை சும்மா இருக்குமா? வெண்டிக்காய் என்றால் நுனியை முறித்துப் பார்ப்போம், கத்தரிக்காய் என்றால் அமத்திப் பார்ப்போம், முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்போம். நான் ஒரு போஞ்சியை எடுத்து முறித்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடைக்கார அம்மா முகம் சிவந்து ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையில் இருந்த காசை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. அங்கே மரக்கறியில் வாங்குபவர் கை வைக்கக் கூடாது, எது வேண்டுமென்று காட்டினால் அவர்களே எடுத்து நிறுத்துத் தருவார்கள். அவர் மேல் பிழை இல்லை. ஆனால் எனக்கு அது தெரியாது. ஏன் கோபிக்கிறீர்கள் என்று கேட்க ஒரு சொல்லும் தெரியாது.

அதன் பிறகு பெரிய கடையே கதி என்று இருந்தேன். அங்கே எல்லாவற்றையும் நாமே எடுக்கலாம், தராசில் மரக்கறியின் இலக்கத்தை நாமே அழுத்தி விலைத்துண்டு ஒட்டலாம், பெல்ட்டில் வைத்தால் காசாளர் தொகையைத் திரையில் காட்டுவார். ஒரு வார்த்தையும் தேவையில்லை. பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது. பேசத் தேவையில்லாததால் பேசவே இல்லை. பேசாததால் கேட்கவும் இல்லை. இறைச்சி, மீன், சீஸ் எல்லாவற்றுக்கும் சுவிஸில் 100 கிராமின் விலையைத்தான் எழுதியிருப்பார்கள் என்பதைக்கூட மீன் வாங்கிக் காசு கட்டிய பிறகுதான் அறிந்தேன். கிலோ விலை என்று நினைத்து இரண்டு பெரிய துண்டு கேட்டுவிட்டேன், அதுவும் விரலைக் காட்டி. குப்பை போடுவதற்கு நகரசபையின் பையைத்தான் வாங்க வேண்டும், அதன் விலைக்குள் குப்பை வரியும் அடக்கம் என்பது தெரியாமல் மூன்று வாரம் சாதாரணப் பையில் கட்டி வைத்தேன். கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள்.

என் வாய் திறந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். பேர்ணில் நவம்பர் நான்காம் திங்கட்கிழமை வெங்காயச் சந்தை நடக்கும். விடியும் முன்பே, நல்ல இருட்டிலேயே கடை விரித்துவிடுவார்கள். வேலைக்குப் போகும் வழியில் தற்செயலாக அதற்குள் போய்விட்டேன். வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துச் சடைபோலப் பின்னி, இடையிடையே காய்ந்த பூ வைத்து, வரிசை வரிசையாகத் தூக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா தோட்டத்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி வளையில் தூக்குவார். கொக்குவில், இணுவில் பக்கத்துச் செம்மண்ணில் பிறந்தவளுக்கு அதைக் கண்டால் கால் நகருமா? கடையில் நின்ற கிழவியைப் பார்த்து, மூன்று வருடமாகக் காதில் மட்டும் விழுந்துகொண்டிருந்த "குறூயசெக்" என்ற வணக்கத்தைச் சொன்னேன். அவரும் திருப்பிச் சொன்னார். நான் வெங்காயத்தைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டி, "அப்பா" என்று தமிழிலேயே சொன்னேன். வேறு சொல் வரவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு சடையை எடுத்து, முடிச்சு எப்படிப் போடுவது என்று என் கண் முன்னால் அவிழ்த்துக் கட்டிக் காட்டினார். தாள்களின் இடையே ஒரு கயிறு ஓடுகிறது. அதுதான் பாரத்தைத் தாங்குகிறது. எங்கள் அப்பா வாழைநாரால் கட்டுவார். கடைசியில் அவர் கேட்டார்: "சுஷ் நோ எப்பிஸ்?" வேறென்ன வேண்டும் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் "வேறென்ன பிள்ளை?" என்பார்களே, அதே இழுவை. அன்றைக்கு வேலைக்கு அரை மணி நேரம் பிந்திப் போனேன்.

அதற்குப் பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் அந்த ஊர் வணக்கத்தையும் "இது எவ்வளவு?" என்பதையும் பாடமாக்கிக்கொண்டுதான் கடைக்குள் கால் வைப்பேன். பாரிஸில் இது இன்னும் முக்கியம். அங்கே "பொன்ஜூர்" சொல்லாமல் ஒன்றைக் கேட்டால் அவமரியாதையாக எடுப்பார்கள். சொல்லிவிட்டால் தேடித் தருவார்கள். அங்கே லாச்சப்பலில் இருக்கும் நம்முடைய தமிழ்க்கடைகளில் அந்தச் சிக்கல் இல்லை. மெற்றோவிலிருந்து இறங்கினால் முருங்கைக்காயும் இராசவள்ளிக்கிழங்கும் வீதியிலேயே மணக்கும். என் சித்தி 20 வருடம் அந்த ஒரு வீதிக்குள்ளேயே எல்லாம் வாங்கி, பிரெஞ்சு பேசாமலே இருந்துவிட்டார். சித்தப்பா போன பிறகு மருந்துக்கடைக்குப் போவதற்கும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. தமிழ்க்கடைகளை நான் குறை சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் நாங்கள் எப்படி வாழ்ந்திருப்போம்? ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே வாங்காதீர்கள்.

ரொறொன்ரோவுக்கு 2014இல் அண்ணாவின் மகளின் கல்யாணத்துக்குப் போனேன். ஸ்காபரோவில் ஒரு கடையில் 19.99 டொலர் என்று ஒட்டியிருந்த கைப்பையை எடுத்து 20 டொலர் தாளை நீட்டினால், 22.60 தாருங்கள் என்கிறார்கள். பழைய நானாக இருந்தால் பையை வைத்துவிட்டு வெளியே வந்து, ஏமாற்றுக்காரர்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். கேட்டேன். ஒன்ராறியோவில் விலைத்துண்டில் வரி சேர்த்திருக்க மாட்டார்களாம். 13 வீதம் காசு கட்டும்போது ஏறும். அரிசி, மரக்கறி, பால் போன்ற அடிப்படை உணவுக்கு அந்த வரி இல்லை. ஒரு சத நாணயம் 2013இலேயே நின்றுவிட்டதால் தாள் காசாகக் கொடுத்தால் ஐந்து சதத்துக்கு முழுமையாக்குவார்கள். இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னது பருத்தித்துறைப் பேச்சு மாறாத ஒரு பிள்ளை. சுவிஸிலும் ஜெர்மனியிலும் லண்டனிலும் ஒட்டிய விலைக்குள் வரி இருக்கும், அந்தக் குழப்பம் வராது.

லண்டனில் வேறு பாடம். முந்தைய பயணத்தில் மிஞ்சிய 20 பவுண் கடதாசித் தாள்களை அலுமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்து 2023இல் கொண்டுபோனேன். ரூட்டிங்கில் ஒரு கடையிலும் எடுக்கவில்லை. அந்தக் கடதாசித் தாள்கள் 2022 செப்டெம்பர் 30உடன் செல்லாமல் போய்விட்டன. இங்கிலாந்து வங்கி மட்டும் எப்போதும் மாற்றித் தரும். இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு மொய் தந்தவர்களில் யாராவது வயதானவர் பழைய பிராங் தாள் தந்திருந்தால் எடுத்துப் பாருங்கள். சுவிஸில் பழைய எட்டாம் வரிசைத் தாள்கள் 2021 ஏப்ரல் 30உடன் கடைகளில் செல்லாது. ஆனால் தேசிய வங்கியில் காலக்கெடு இல்லாமல் மாற்றலாம். அது நான் சொன்ன மரக்கறிச் சந்தைத் திடலிலேயே இருக்கிறது. கருமபீடத்தில் வணக்கம் சொல்லி, நீங்களே மாற்றிக்கொண்டு வாருங்கள். கணவரை அனுப்ப வேண்டாம்.

ஜெர்மனி எல்லைக்குப் போய் வாங்குவது பற்றியும் எல்லாரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மலிவுதான். 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் பச்சைத் தாள் எழுதி வாங்கி, ஜெர்மன் சுங்கத்தில் முத்திரை குத்தி, அடுத்த முறை வரியைத் திருப்பி எடுக்கலாம். ஆனால் 2025 தொடக்கம் ஆளுக்கு 150 பிராங் பெறுமதிக்கு மேல் கொண்டுவந்தால் சுவிஸ் வரி கட்ட வேண்டும், இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோதான் தீர்வையில்லாமல் வரும். பேர்ணிலிருந்து போய்வர ஒரு சனிக்கிழமை முழுதும் போய்விடும். என்னைக் கேட்டால், ஒரு தரம் போய்ப் பார்த்தால் போதும். அந்தச் சனிக்கிழமைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வரும்போது என்ன கொண்டுவருவது, என்ன கொண்டுபோவது என்பது நீங்கள் வந்த பிறகு கதைக்க வேண்டியது. ஒன்றை மட்டும் இப்போதே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா பார்சல் கட்டத் தொடங்கியிருப்பார். மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, பனாட்டு சுவிஸுக்குத் தாராளமாகக் கொண்டுவரலாம். நெய், பால்மா, இறைச்சி கூடாது. கறிவேப்பிலையும் பழங்களும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் வர முடியாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி போன்ற சிலதுக்கு மட்டும் விலக்கு. இது தெரியாமல் நான் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நான்கை வைக்கோலில் சுற்றிக் கொண்டுபோய், விமானநிலையத்தில் அவர்கள் தொட்டிக்குள் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டு மரத்துப் பழம், தங்கச்சி.

நேற்றுக் காலை பனையோலை உமலைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். என் முன்னால் லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் முருங்கைக்காய்க்குச் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போனது. அடுத்து நின்றவர் ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர். அதே விலையைச் சொன்னதும், கையில் எடுத்த மூன்று காயில் இரண்டைத் திரும்ப வைத்தார். சத்தமில்லாமல், நோகாமல் வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. திருவிழாக் காலத்தில் நாங்கள் வந்து பேரம் பேசாமல் வாங்குவதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறோம். அந்த விலையை நாங்கள் போன பிறகும் இங்கே இருப்பவர்கள்தான் கட்டுகிறார்கள். நான் நின்று பேரம் பேசினேன், ரீச்சருக்கும் சேர்த்து. குறைத்துத்தான் கொடுத்தார்கள். வாய் திறக்கும் பழக்கத்தை அங்கே தொலைத்துவிட்டால் இங்கே வந்தும் ஊமையாகத்தான் நிற்போம்.

ஆகவே அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தத் திடலுக்குப் போங்கள். "குறூயசெக்" சொல்லுங்கள். விரலால் காட்டுங்கள், கையால் தொட வேண்டாம். அரைக் கிலோ போஞ்சி கேளுங்கள், அவர்கள் சொல்லும் தொகை விளங்காவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். "சுஷ் நோ எப்பிஸ்?" என்று கேட்டால் சட்டென்று வேண்டாம் என்று தலையாட்டாமல் இன்னொரு சாமான் கேளுங்கள், ஒரு கட்டு மல்லி இலையாவது.

நான் புரட்டாதியில் திரும்பி வருகிறேன். நவம்பர் நான்காம் திங்கள் விடிய ஐந்தரை மணிக்கு வெங்காயச் சந்தையில் சந்திப்போம், பாராளுமன்றப் பக்கத்து மூலையில் நிற்பேன். நல்ல குளிராக இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு வாருங்கள். அந்தக் கிழவி இப்போது இல்லை. மகள்தான் கடை வைத்திருக்கிறார். முடிச்சுப் போட அவருக்கும் தெரியும்.