வாயை மூடு என்று ஏசுவதற்கு முன் மூக்கைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, தரம் 3 படிக்கிறான். இரவில் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறான். பகலிலும் வாய் மூடுவதில்லை. இன்னும் பெருவிரல் சூப்புகிறான். "வாய மூடு மனே" என்று அம்மம்மா நாள் முழுக்க ஏசுகிறா. விரலில் வேப்பெண்ணெயும் பூசிப் பார்த்தோம். முன்பற்கள் மிதந்து வருவது போல இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, முதலில் அந்த வேப்பெண்ணெய்ப் போத்தலை உள்ளே எடுத்து வையுங்கள். விரலுக்குப் பிறகு வருவோம்.

உங்கள் மகன் பிடிவாதத்தில் வாயைத் திறந்து வைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூக்கின் பின்பக்கம், உள்நாக்குக்கு மேலே அடினோயிட் என்றொரு சதை இருக்கிறது. சிறு வயதில் அது பெரிதாக இருக்கும், வளர வளரச் சுருங்கும். சளியோ அலர்ஜியோ சேர்ந்தால் வீங்கி மூச்சு வழியை அடைத்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கத்துப் புழுதியெல்லாம் வீட்டுக்குள்தானே? அதோடு இரவில் நுளம்புச் சுருள் புகையும் சேர்ந்தால் மூக்கு என்ன பாடுபடும்! அடைத்த மூக்கோடு இருக்கிற பிள்ளை வாயை மூடினால் எதால் மூச்சு விடுவான்?

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்து, உதட்டை மூடி, விழுங்காமல் ஒரு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். இருந்தால் மூக்கு ஓரளவு திறந்திருக்கிறது, பழக்கம்தான் மிச்சம். தவித்துத் துப்பினால் வற்புறுத்த வேண்டாம், அதுவே பதில்.

அப்புறம், அவன் தூங்கும்போது போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். குறட்டை நின்று, சத்தமே இல்லாமல் கிடந்து, திடீரென்று திணறி மூச்சு இழுக்கிறானா? அப்படியென்றால் நாள் கடத்தாதீர்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில் காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். வீடியோவையும் டொக்டரிடம் காட்டுங்கள். அங்கே நல்லபிள்ளையாக உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து இரவுக் கதையை யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. வாயில் பிளாஸ்டர் ஒட்டித் தூங்க வைக்கும் வீடியோக்கள் போனில் சுற்றுகின்றன. அடைத்த மூக்குள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நின்று மேல்தாடையை உள்ளிருந்து தாங்குகிறது. வாய் திறந்தே இருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். கன்னங்கள் வெளியிலிருந்து நெருக்க, மேல்தாடை ஒடுங்கி, பற்களுக்கு இடம் போதாமல் போகலாம். உமிழ்நீர் காய்வதால் மேல் முன்பல் முரசு சிவந்து வீங்கும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

சரி, விரல். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கையைத்தான் காட்டச் சொல்வேன். ஒன்பது விரலில் மண்ணும் பேனை மையும் இருக்கும். ஒரு பெருவிரல் மட்டும் வெளுத்து, கழுவித் துடைத்த மாதிரி, முட்டியில் சின்னத் தழும்போடு இருக்கும். பிள்ளை எதையும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நான்கு வயது வரை விரல் சூப்புவது பெரிய விஷயமில்லை. நிரந்தர முன்பற்கள் வந்த பிறகும் தொடர்ந்தால்தான் மேற்பல் முன்னுக்குத் தள்ளும், கடிக்கும்போது மேலும் கீழும் சேராமல் நடுவில் இடைவெளி விழும்.

ஏசினாலும் கசப்புப் பூசினாலும் பிள்ளை ஒளித்துச் சூப்புவான். அவனோடு பேசுங்கள். சூப்பாத இரவுக்குக் கலண்டரில் அவனே ஒரு புள்ளி போடட்டும். அவன் சம்மதித்தால் படுக்கும்போது கையில் ஒரு மெல்லிய காலுறை மாட்டுங்கள். அம்மம்மாவிடமும் சொல்லுங்கள்: ஏசுவதற்குப் பதில், தூங்கும் வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லட்டும். இரண்டு மூன்று மாதத்தில் மாறாவிட்டால் அண்ணத்தில் சிறு கம்பி பொருத்தும் வழியும் இருக்கிறது.

பாடசாலைப் பல் கிளினிக்கில் 13 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். இந்தத் தவணை முடிவதற்குள் ஒருதரம் காட்டிவிடுங்கள். வகுப்பு ரீச்சரிடமும், அவன் வகுப்பில் தூங்கி விழுகிறானா என்று கேளுங்கள். விழுந்தால், சோம்பேறி என்று அவனைச் சொல்லவேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை இரவில் சரியாகத் தூங்கவில்லை.